கிளிங்கன் படித்த கலியாணத் தரகர்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அடையாள அட்டைக்கு ஒரு கொப்பி, பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு லமினேட், விசாப் படிவம் நிரப்ப ஒரு பேனா. அவர் ஒருவர்தான் வாசலில் குடையை உதறி மடக்கிவிட்டு, நேரே என்னிடம் வந்து, என் முகத்தைப் பார்த்து, "என்ன வேணும்?" என்று கேட்பார்.

அப்படிக் கேட்ட முதல் நாள் நான் பயந்துபோய், "ஒண்டும் வேண்டாம் ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

"அதுக்குப் பதில் சொல்லக் கூடாது தம்பி. அது வணக்கம்."

கிளிங்கன் என்ற மொழியில் வணக்கம் சொல்ல ஒரு சொல் கிடையாதாம். ஆளை ஆள் கண்டால் 'நுக்நெஹ்' என்பார்களாம். என்ன வேண்டும் என்று அர்த்தம். வேண்டியதைச் சொல், இல்லாவிட்டால் வழியை விடு. அந்தக் கடைசி எழுத்தை அவர் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியது போல இருக்கும். ஒருநாள் எங்கள் முதலாளி பதறிப்போய், தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, வெறும் சோற்றை உருண்டையாக்கி, "முழுங்குங்கோ, முழுங்குங்கோ" என்று அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டார். அவரும் மறுப்புச் சொல்லாமல் முழுங்கினார்.

அவர் கலியாணத் தரகர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில்தான் எங்கள் கொம்யூனிகேஷன் கடை இருந்தது. நான் அங்கே போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். செவ்வாய்க்கிழமை தோறும் அவர் ரெக்சின் பையோடு வந்து, மாப்பிள்ளைகளையும் பெண்களையும் ஆளுக்குப் பத்துக் கொப்பி எடுப்பார். வெள்ளை அரைக்கைச் சட்டை. சட்டைப்பையில் மூன்று பேனாக்கள். சிவப்புப் பேனாவைத்தான் அதிகம் வெளியே எடுப்பார்.

என்னுடைய சாதகமும் அந்தப் பைக்குள் ஏழு வருடமாகக் கிடந்தது. அப்போது எனக்கு நாற்பத்திமூன்று வயது. அக்கா வீட்டு முன்னறையில் இருந்தேன். அதற்கு முன் இரண்டு இடத்தில் பெண் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள். முதலாவது வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் தேத்தண்ணியை ஊதிக் குடித்தேன், அதுதான் என்னிடமிருந்து வந்த ஒரே சத்தம். "மாப்பிள்ளைக்குக் கதைக்க வருமோ?" என்று பெண்ணின் தாய் அக்காவிடம் இரகசியமாகக் கேட்டாராம். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஓட்டோவுக்குள் அழுதார்.

தரகருக்கு இந்த மொழி வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். டொரொண்டோவில் இருந்த ஒரு கொம்பியூட்டர் மாப்பிள்ளை, தன் விருப்பங்களில் 'மணமகள் கிளிங்கன் கற்க ஆர்வமுள்ளவராக இருந்தால் நல்லது' என்று எழுதியிருந்தான். எங்கள் வெள்ளவத்தையில் இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. ஜெர்மனிக்குப் போகிற பெண் ஜெர்மன் படிப்பாள். பிரான்ஸுக்குப் போகிறவள் பிரெஞ்சு படிப்பாள். பாஷைச் சோதனை பாஸ் பண்ணினால்தான் புருஷனிடம் போக விசா. ஒழுங்கைக்கு ஒரு வகுப்பு அதற்காகவே நடக்கிறது. ஆகவே தரகர் கனடாவில் புதுச் சட்டம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

அவர் ஜெர்மன் வகுப்பு டீச்சரிடம் போனார். "கிளிங்கனும் சொல்லிக் குடுப்பியளோ பிள்ளை? மூண்டு மாசத்தில முடியுமோ?" டீச்சர் சிரித்துச் சிரித்துக் கதவைச் சாத்திவிட்டார். பிறகு அவர் எங்கள் கடைக்கு வந்து, இணையத்தில் தேடி, இலக்கணம் முப்பத்திரண்டு பக்கம் அச்செடுத்தார். நான்தான் சுருள் போட்டுக் கட்டிக் கொடுத்தேன், நீல மட்டையோடு.

அந்த மாப்பிள்ளைக்கென்று பார்த்து வைத்திருந்த ஹெவ்லொக் டவுன் பெண்ணுக்கு அவரே மூன்று கிழமை பாடம் நடத்தினார். பெண்ணின் தகப்பன் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "அண்ணை, இவையின்ரை எம்பஸி எங்கை இருக்கு?" தரகருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாப்பிள்ளையிடமே போனில் கேட்டார்கள். அவன், அப்படி ஒரு நாடு இல்லை, விண்வெளிப் படம் ஒன்றுக்காக உண்டாக்கிய மொழி அது, வேற்றுக்கிரகத்துச் சண்டைக்காரர் பேசுவது என்றான். பெண் புத்தகத்தை ஜன்னலால் எறிந்தாள். கலியாணம் குழம்பியது. தரகர் கீழே இறங்கிப் போய் வாழை மரத்தடியில் கிடந்த புத்தகத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"நாடு இல்லாட்டி என்ன? இலக்கணம் இருக்குத்தானே" என்றார் என்னிடம்.

அவரைப் பிடித்துக்கொண்டது பதினோராம் பக்கம். அதை எனக்கு விளக்கிச் சொல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்கு நித்திரை வராது போலிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப நல்லதாப் போச்சு, மறக்கிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார்.

மேசையில் ஏ-ஃபோர் தாள் கட்டு ஒன்றை வைத்தார். அது பெயர்ச்சொல். ஸ்டேப்ளரை எடுத்தார். அது வினைச்சொல்.

"இந்தப் பாஷையில அடைமொழி எண்டு ஒரு சாதியே கிடையாது. பெரிசு, நல்லது, வடிவு எல்லாம் வினை. நடக்கிறது, தின்னுறது மாதிரிப் பெரிசாயிருக்கிறதும் ஒரு வேலை. உம்மடை மெஷினைப் பாரும். காலமை தொடக்கம் நிண்டு பெரிசாயிருந்துகொண்டிருக்கு."

நான் மெஷினைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

ஸ்டேப்ளரைக் கட்டுக்கு முன்னால் வைத்தார். "முன்னுக்கு வந்தா அது சேதி. பெரிசாயிருக்குது கட்டு." பின்னால் தள்ளினார். "பின்னுக்குப் போனா அது வெறும் அடையாளம். பெரிய கட்டு. விளங்குதோ?"

"ஓம் ஐயா."

"விளங்கேல்லை. இனித்தான் விஷயம். முன்னுக்கு நிண்டு சேதி சொல்லேக்கை, அந்தச் சொல்லின்ரை வாலில 'நிச்சயம்' எண்டு ஒரு ஒட்டுப் போடலாம். தெரியாட்டி 'போலக் கிடக்கு' எண்டு வேறை ஒட்டு. ஆனா பின்னுக்குப் போய் அடையாளமா நிண்டிதோ, அந்த ஒட்டெல்லாம் கழண்டிடும். 'கனக்க', 'இல்லை', இப்பிடிச் சிலதுதான் மிஞ்சும். நிச்சயமோ, ஆரும் சொன்னதோ எண்டு காட்ட இடமே இல்லை." குரலைத் தாழ்த்தினார். "நாப்பது வருஷமா நான் பின்னுக்கு வைச்சே எழுதியிருக்கிறன் தம்பி. அழகான பெண். அடக்கமான பெண். நிச்சயமோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். 'பெரிய வீட்டுக்குள்ளே' என்று சொல்ல வந்தால், அந்த 'உள்ளே' வீட்டில் ஒட்டாதாம், வீட்டை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற 'பெரிய'வில் போய் ஏறுமாம். "புதுசா வந்த மருமேளின்ரை தலையில குசினியைக் கட்டுற மாதிரி" என்று தானே சிரித்துக்கொண்டு குடையை விரித்தார்.

அடுத்த செவ்வாயில் இருந்து சிவப்புப் பேனா வேலை தொடங்கியது. கொப்பி எடுக்கும் முன் ஆட்களின் விபரத் தாள்களை என் மேசையிலேயே வைத்து வெட்டுவார். 'அழகிய', 'பண்பான', 'குடும்பப் பாங்கான' எல்லாம் போகும். 'உயரமான மாப்பிள்ளை' என்பதை வெட்டிவிட்டு, 'அறைக் கதவில் தலையை இடிக்கிறார், நிச்சயம்' என்று எழுதினார். 'நன்றாகச் சமைப்பார்' என்ற இடத்தில் 'சமைக்கிறார் போல' என்று போட்டார். புகைப்படத்தையும் ஒட்ட விடவில்லை. எல்லாவற்றிலும் பெரிய அடைமொழி அதுதான் என்றார். பெயருக்குப் பதில் முன்பிருந்தே இலக்கம்தான் போடுவார்.

ஒரு தாய் கடைக்குள்ளேயே வந்து அவரோடு சண்டை பிடித்தார்.

"என்ரை பிள்ளை அடக்கமானவள் எண்டு போடுங்கோ!"

"போடுறன் அம்மா. எதை அடக்கினவ?"

"அண்ணை, உங்களுக்கு விசரோ?"

"கோவத்தை அடக்கினவவோ? சிரிப்பை அடக்கினவவோ? ஒண்டைச் சொல்லுங்கோ, இப்பவே எழுதுறன்."

அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, மகளின் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க்காக இருந்தவர் 'நேர்மையானவர்' என்று எழுதிக்கொண்டு வந்தார். "கடைசியா எப்ப நேர்மையா இருந்தனீங்கள்?" என்று இவர் சாதாரணமாகக் கேட்டார். கிளார்க் ஸ்டூலில் இருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மற்றக் கிழமை வந்து சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான்.

மற்றத் தரகர்கள் இவருக்கு 'நிச்சயம்போல' என்று பட்டம் வைத்தார்கள். பை மெலிந்தது. அவருக்கு அது கவலையாகத் தெரியவில்லை. மெஷின் சூடாகி நின்றுவிட்டால், அதற்குப் பக்கத்தில் போய், "குளிரு!" என்று கிளிங்கனில் கட்டளையிடுவார். அந்தப் பாஷையில் குளிர்ச்சியாயிருப்பதும் வேலைதான் என்பதால் ஆணையிடலாமாம். ஐந்து நிமிடத்தில் மெஷின் குளிர்ந்துவிடும். நான் ஆறவிட்டாலும் அதே ஐந்து நிமிடம்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் அக்கா என்னுடைய தாளைப் புதுப்பிக்கக் கடைக்கு வந்தார். "இதோடை சரி அண்ணை. இந்த முறையும் சரிவரேல்லையெண்டா நான் இனி இவனுக்குப் பாக்க மாட்டன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் ஒப்புவித்தார். "எழுதுங்கோ. ஓ-எல் சோதனை வரைக்கும் படிச்சவர். சொந்தமாக் கொம்யூனிகேஷன் வைச்சிருக்கிறவர். நிறமானவர். அமைதியானவர்."

தரகர் பேனாவைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன செய்யிறனீர்?"

மெஷினைக் காட்டினேன்.

"சரி. நான் இருந்து பாக்கிறன்."

அடுத்த செவ்வாய் காலை முழுவதும் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்து என்னைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. பத்து மணிக்கு முதலாளியை அழைத்து, "இவர் எப்பவும் இப்பிடி வேர்ப்பாரோ?" என்று கேட்டு அதையும் எழுதினார். கடைசியில் தாளை எனக்கு வாசித்துக் காட்டினார்.

'ஐந்தாம் வகுப்போடு நின்றார், நிச்சயம். மற்றவரின் கடையில் வேலை செய்கிறார், நிச்சயம். மெஷினுக்குள் ஒட்டிக்கொண்ட தாளைக் கிழியாமல் எடுக்கிறார். வயதானவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிறார், கேட்காமலே. யாரும் இல்லாதபோது பாடுகிறார், சுதி சேரவில்லை. பார்த்தால் வியர்க்கிறார். சந்தோஷமாயிருக்கிறார் போல.'

அக்கா அதை வாசித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இதைப் பாத்து ஆர் பொம்பிளை குடுப்பினம்? ஐஸ்கிறீம்காரன் கூட ஒரு கோன் குடுக்க மாட்டான்!"

ஆனால் தரகர் கவரில் போட்டு அனுப்பிய அந்தத் தாளைப் பார்த்து, குடுக்கிறோம் என்று ஒரு வீடு பதில் அனுப்பியது. கொட்டாஞ்சேனையில், பாடசாலைச் சீருடை தைக்கிற பெண். முப்பத்தொன்பது வயது. அண்ணனோடும் அண்ணியோடும் இருக்கிறாள். நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நேரம் பேசுவதற்காகத் தரகர் அவர்களுடைய போன் இலக்கத்தை அக்காவிடம் கொடுத்தார். அங்கேதான் பிழை நடந்தது. அக்கா வேறு ஒரு கடைக்குப் போய், தன் விருப்பப்படி இன்னொரு தாள் அடித்து, என் படத்தை வெளுப்பாக்கி, வட்ஸ்அப்பில் அந்த அண்ணிக்கு அனுப்பிவிட்டார். எனக்கும் சொல்லவில்லை, தரகருக்கும் சொல்லவில்லை. அந்தத் தாளில் ஓ-எல் இருந்தது, சொந்தக் கடை இருந்தது, எல்லா அடைமொழியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போதுதான் என் காதில் போட்டார். "கேட்டா ஓம் எண்டு தலையாட்டு. வேறை ஒண்டும் கதைக்காதை." அது எனக்குப் பழகிய வேலைதான்.

அது மூன்றாம் மாடி வீடு. பெண்ணின் அண்ணன் கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"மத்தவரு பின்னால வர்றாரா?"

"ஆர், என்ரை மனுசனோ? அவருக்குக் கால் நோ, வரேல்லை" என்றார் அக்கா.

அவர் குழம்பின மாதிரித் தலையாட்டினார். முன்னறையில் ஆறு கதிரை போட்டிருந்தார்கள். நான், அக்கா, தரகர் என்று நாங்கள் மூன்று பேர், அவர்கள் அண்ணனும் அண்ணியும். எனக்குப் பக்கத்துக் கதிரை சும்மா இருந்தது.

அண்ணன் தொடங்கினார். "தம்பி ஓ-எல் முடிச்சிருக்கீங்க இல்லையா?"

தரகர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். அக்கா, "ஓம், ஓம்" என்றார்.

"கடை சொந்தக் கடைதானே?"

"ஓம், ஓம்."

தரகருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். ஒரு கண்ணாடியைத் துடைக்க அவ்வளவு நேரம் தேவைப்படாது.

அந்தப் பெண் தட்டத்தோடு வந்தாள். ஆறு தேத்தண்ணி, வடை. ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். சும்மா இருந்த கதிரைக்கு முன்னாலும் ஒரு கோப்பையை வைத்தாள். என்னைப் பார்த்தாள், அந்தக் கதிரையைப் பார்த்தாள், பிறகு தரகரிடம் கேட்டாள்.

"ஐயா, அந்த இன்னொருத்தரு வரல்லையா?"

"ஆரம்மா?"

"ஒட்டிக்கிட்ட பேப்பரைக் கிழியாம எடுக்கிறவரு."

அண்ணி சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். "உங்க கவரிலயும் ஒருத்தரு வந்தாரு, போனிலயும் ஒருத்தரு வந்தாரு. ஒரே ஓட்டத்தில ரெண்டு பேரையும் காட்டப் போறீங்கன்னு நெனச்சோம். இவளுக்குக் கவர்ல வந்தவரத்தான் பிடிச்சிருக்கு. நாங்கதான் படிச்சவரையும் ஒருக்காப் பாரேன்னு சொன்னோம்."

எல்லோரும் தரகரைப் பார்த்தார்கள். இப்படியான நேரத்தில் வாய் திறப்பதற்குத்தான் தரகர் என்று ஒருவரை உலகத்தில் வைத்திருக்கிறார்கள். ஏழு வருடத்தில் அவர் கதைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அக்கா என் தொடையில் கிள்ளினார். சும்மா இரு என்று அர்த்தம். சும்மா இருந்தால் நான் அந்த வீட்டுக்கு ஓ-எல் படித்த முதலாளி. அவளோ என்னைப் பார்த்துக்கொண்டே வேறு ஒருவனைத் தேடிக்கொண்டிருப்பாள். வாயைத் திறந்தால் என் அக்கா பொய்க்காரி ஆகிவிடுவார்.

"அது நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"எது?" என்றார் அண்ணன்.

"பேப்பர் எடுக்கிறது."

"அப்ப ஓ-எல் படிச்சது?"

"அது அக்காவின்ரை ஆசை."

"கடை?"

"முதலாளியின்ரை."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "ஏங்க, ஒரே ஆள ரெண்டு பேரா அனுப்பி ஏமாத்தப் பாத்தீங்களா?"

"ரெண்டு பேராத்தான் அனுப்பினவை. நான் ஒரு ஆள்தான் வந்தனான்" என்றேன். நெற்றியில் இருந்து வியர்வை தேத்தண்ணிக்குள் சொட்டியது. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழும்பிப் போக ஆயத்தமாகக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அந்தப் பெண் என் நெற்றியையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன், தட்டத்தால் வாயை மறைத்திருந்தாள்.

"அண்ணா, கோவப்படாதீங்க. அந்தப் படிச்சவரப் போகச் சொல்லுங்க. இவரு இருக்கட்டும்."

தரகர் எழும்பினார். எனக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த கதிரைக்கு முன்னால் போய்க் குனிந்து, "வாரும் தம்பி" என்றார். கதவு வரைக்கும் மெல்ல நடந்து போனார். கதவைத் திறந்தார். "குறை நினைக்காதையும். உமக்கும் எங்கேயும் ஒரு இடம் பொருந்தும், போலத்தான் கிடக்கு. படி இருட்டு, பாத்து இறங்கும்" என்று சொல்லி, அந்தப் படித்த ஆள் இறங்கி முடியும் மட்டும் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு வந்து, அவனுக்கென்று ஊற்றியிருந்த தேத்தண்ணியையும் எடுத்துக் குடித்தார்.